வடக்கு ஜன்னல் காற்றை ஜப்தி செய்த கதை

சுண்ணாம்புக்காரத் தெருவுக்குக் கோர்ட் அமீனா வந்து காற்றை ஜப்தி செய்துகொண்டு போன செவ்வாய்க்கிழமை, அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் நான்தான். என் வீட்டுக் காற்றை, நான் அட்வான்ஸ் கொடுத்து வாங்கிய காற்றை, என் கையாலேயே கையெழுத்துப் போட்டு இன்னொருத்தி வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். உறையூரில் அந்த வருஷத்துக் கத்தரி வெயிலில் வெந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் மாசிலாமணி குரலை உயர்த்திப் பேசியே அறியாதவர், நெற்றியில் திருநீறு அழியாதவர், தெருவில் யார் வீட்டு விசேஷத்துக்கும் முதல் ஆளாய்ப் போய்க் கடைசி ஆளாய்த் திரும்புகிறவர். ஆனால் வாங்கிய அட்வான்ஸை மட்டும் அவர் யாருக்கும் திருப்பிக் கொடுத்ததில்லை. காலி செய்கிறவர்கள் கேட்டால், "புது ஆளு வரட்டும், அவங்க அட்வான்ஸ வாங்கி அப்படியே உங்க கையில தந்துர்றேன்" என்பார். புது ஆள் வந்த பிறகு கேட்டால் வெள்ளையடித்த செலவு என்பார், குழாய் மாற்றிய செலவு என்பார், ஆணி அடித்த ஓட்டைக்கு ஒரு கணக்குச் சொல்வார். கேட்டவர்கள் நாலு நடை நடப்பார்கள், ஐந்தாவது நடையில் அலுத்துப்போவார்கள், ஆறாவது மாதம் அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து மொய்யும் எழுதிவிட்டுப் போவார்கள். இப்படியே இருபது வருஷமாய் ஓடிக்கொண்டிருந்தது.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தரிடம் கொடுத்தால் முந்நூறு ரூபாய் போகுமே என்று முத்திரைத்தாளில் தானே எழுதுவார். முத்து முத்தான கையெழுத்து. எழுத உட்கார்ந்துவிட்டால் பெருமை தாங்காது. மாடி வீட்டுக்கு அட்வான்ஸ் ஏன் அதிகம் என்பதற்கு அவர் எழுதியிருந்த வரி இது: "மேற்படி வீட்டின் வடக்கு ஜன்னல் வழியாக வீசும் காற்றானது எனது சொந்தச் சம்பாத்தியத்தில் அடைந்த, எனக்கு மட்டுமே பாத்தியப்பட்ட காற்றாகும்." காவிரிப் பக்கமிருந்து வரும் காற்றை இவர் எப்படிச் சம்பாதித்தார் என்று யாரும் கேட்கவில்லை. ஜன்னலைத் திறந்து காட்டினால் முகத்தில் வந்து மோதும், உடனே பர்ஸைத் திறந்துவிடுவார்கள்.

அப்படி எனக்கு முன்னால் அந்த மாடியில் குடியிருந்தவள் பிலோமினா. புருஷன் இல்லாதவள், இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்பவள். காலி செய்தபோது எழுபத்தைந்தாயிரம் அட்வான்ஸைக் கேட்டாள். அந்தப் பணம் வந்தால் தெருமுனையில் ஒரு கடையைப் பிடித்து மாவுக்கடை போடலாம் என்பது அவள் கனவு. மாசிலாமணி வழக்கம்போலப் புது ஆள் வரட்டும் என்றார். புது ஆளாய் வந்தது நான். ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கொடுத்தேன், வெல்டிங் பட்டறையில் நாள் முழுக்கத் தீயோடு நிற்கிற என் வீட்டுக்காரர் ஞானசேகரன் சாயங்காலம் வந்து அந்த ஜன்னலோரம் படுக்கட்டும் என்றுதான் கொடுத்தேன். பிலோமினா பின்சந்தில் சிமென்ட் ஷீட் போட்ட ஒற்றை அறைக்குப் போனாள். ஐந்தாவது நடையில் அலுத்துப்போகாமல் கோர்ட்டுக்குப் போனாள்.

மூன்று வருஷம் அவள் வாய்தாவுக்குப் போய் வந்ததை நான் மாடியிலிருந்து பார்த்தேன். மாவு வாளியை ஒரு கையிலும் கேஸ் கட்டை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவாள். இதற்கு முன்பு நாங்கள் குடியிருந்த வீட்டில் எங்களுக்கு அட்வான்ஸ் நாற்பதாயிரம் வராமலே போயிருந்தது. நான் கேட்கவே இல்லை. அதனால்தானோ என்னவோ, அவள் ஓடுவதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக வரும். பெரிய ஜான்சி ராணி என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். பிறகு அவள் ஜெயித்துவிட்டாள் என்று செய்தி வந்தது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தீர்ப்பு வந்தும் மாசிலாமணி அசையவில்லை. தீர்ப்பை நிறைவேற்றித் தரச் சொல்லிப் பிலோமினா மனுப் போட்டாள். அப்படித்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை, குடையும் தோல்பையுமாக அமீனா காதர் மொய்தீன் வந்தார். ஒல்லியான மனிதர், கண்ணில் படுவதையெல்லாம் எழுதிக்கொள்கிறவர். பின்னால் பிலோமினா நின்றாள். வாசலில் தெருவே நின்றது.

"டி.வி. யாரு பேர்ல?"

"மச்சினன் பேர்ல சார். பில்லு இருக்கு."

"பீரோ?"

"சம்சாரத்து சீதனம் சார்."

"வீடு?"

"வீடும் அவ பேர்லதான் சார். நான் ஏதோ ஓரமா ஒண்டிக்கிட்டு இருக்கேன்."

"அந்த ஸ்கூட்டர்?"

"சம்பந்தி வீட்டுது சார். நமக்குன்னு இந்த வேட்டி சட்டைதான்." மாசிலாமணி கையைக் கட்டிக்கொண்டு பணிவாகச் சிரித்தார்.

உடுத்தியிருப்பதை ஜப்தி செய்யச் சட்டத்தில் இடமில்லை என்று அமீனா சொல்லிவிட்டுக் கேஸ் கட்டைப் பிரித்தார். பிலோமினாவின் பழைய ஒப்பந்தத்தை எடுத்து ஒரு வரி விடாமல் படித்தார். ஓர் இடத்தில் விரலை வைத்து நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். "வடக்கு ஜன்னல் எங்க இருக்கு?" என்றார்.

மாடிக்கு வந்தார். என் வீட்டு ஜன்னல் முன்னால் நின்றார். காற்று அவருடைய காகிதங்களைப் படபடக்க வைத்தது, அவர் அதைப் பேனாவால் தட்டி அடக்கிவிட்டு எழுதினார்: "அசையும் சொத்து. காற்று, எண்ணிக்கை ஒன்று. நல்ல நிலையில் வீசிக்கொண்டிருக்கிறது." எழுதி முடித்து, படிக்கத் தெரிந்த ஆள் ஒருவர் சாட்சிக்கு வேண்டுமென்றார். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போனேன். பத்தாவது வரை படித்தவளாயிற்றே. தெருவே பார்க்கிற பெருமையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல், வசந்தகோகிலம் என்று சுழித்துப் போட்டேன்.

அமீனா ஜன்னல் கம்பியில் ஒரு வெள்ளை நாடாவைக் கட்டி அரக்கு முத்திரை வைத்தார். பிறகு முடிச்சை அவிழ்த்து நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்; கயிற்றைப் பிடித்தவன் பின்னால் போகும் மாடு போலக் காற்று அவர் பின்னால் இறங்கிப் போனது. என் வீட்டுத் திரைச்சீலை தொங்கிவிட்டது. காலண்டர் தாள் அசையவில்லை. பின்சந்தில் பிலோமினாவின் அறை ஜன்னலில் நாடாவைக் கட்டிவிட்டு, "மறு உத்தரவு வரும்வரை மனுதாரர் பொறுப்பில் இருக்கட்டும்" என்று சொல்லி, அவளிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு, அமீனா பஸ் ஏறப் போய்விட்டார்.

தெரு இரண்டே நாளில் பழகிவிட்டது. காற்று வேண்டுமென்றால் பின்சந்துக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். காலையில் பெண்கள் வடாம் தட்டுகளை அங்கே தூக்கிப் போனார்கள், அரைமணியில் காய்ந்தது. வேர்க்குரு வந்த குழந்தைகளை அங்கே வரிசையாகக் கிடத்தினார்கள். மற்ற வீட்டுச் சொந்தக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாக "வீடு வாடகைக்கு" பலகைகளில் "நல்ல காற்றோட்டம்" என்ற வார்த்தைகளைச் சுண்ணாம்பால் அழித்துவிட்டார்கள். வெளிச்சம், தண்ணீர் வசதி என்பதையும் சிலர் பயத்தில் சேர்த்தே அழித்தார்கள். அட்வான்ஸ் திரும்பாத குடித்தனக்காரர்கள் எல்லாரும் பரணில் ஏறிப் பழைய ஒப்பந்தங்களைத் தேடி எடுத்து, தங்களுடையதிலும் ஏதாவது காற்று இருக்கிறதா என்று வரிவரியாகப் பார்த்தார்கள். இல்லை. இல்லையென்று தெரிந்ததும், அவர்களுக்கும் என்னைப் போலவே பிலோமினாவைப் பிடிக்காமல் போயிற்று.

பிடிக்காவிட்டாலும் அங்கேதான் போய் உட்கார்ந்தார்கள். சாயங்காலமானால் தெருவின் ஆம்பளைகள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியோடு பின்சந்துக்கு நடந்தார்கள். முதல் வாரம் என் வீட்டுக்காரர் போகவில்லை, எனக்குப் பயந்து துண்டால் விசிறிக்கொண்டார். இரண்டாவது வாரம் பீடி வாங்கிவர என்று சொல்லிவிட்டு நாற்காலியையும் எடுத்துக்கொண்டு போனார்.

"பீடிக் கடையில நாற்காலி போட மாட்டாங்களா?" என்றேன்.

"கோகிலம், உடம்பெல்லாம் எரியுதுடி. ஒரு அஞ்சு நிமிஷம்."

ஐந்து நிமிஷம் இரண்டு மணி நேரம் ஆனது. திரும்பி வந்தவர் முகம் குளித்த முகமாக இருந்தது. அந்தம்மா பாவம், எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தது என்றார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. என் காற்று, என் புருஷன், அவள் டீ. நான் அடுப்படியில் போய் ஒரு எவர்சில்வர் டம்ளரை வேண்டுமென்றே கீழே போட்டேன்.

அதற்குப் பிறகு அவள் செய்வதெல்லாம் எனக்குத் திமிராகவே தெரிந்தது. அவள் தலைமுடி பறப்பது திமிர். அவள் கொடியில் சேலை ஆடுவது திமிர். அவளிடம் வாங்கிய மாவில் இட்லி ஊற்றினால் கல் மாதிரி வந்தது. காற்று வந்த கொழுப்பில் மாவைக்கூட ஒழுங்காக அரைப்பதில்லை பாருங்கள் என்று நான் தண்ணீர்க் குழாயடியில் சொன்னேன். எல்லாரும் ஆமாம் என்றார்கள். வாங்குகிறவர்கள் குறைந்தார்கள். அவள் முகம் வாடியிருந்ததை நான் பார்த்தேன், அதுவும் நடிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் ஏல அறிவிப்பை ஒட்டினார்கள். இன்ன தேதிக்குள் மாசிலாமணி கடனைக் கட்டாவிட்டால் காற்று ஏலம் விடப்படும். கோர்ட்டில் அனுமதி வாங்கிப் பிலோமினாவே ஏலத்தில் எடுக்கப் போகிறாள், பத்திரம் பண்ணி நிரந்தரமாக வைத்துக்கொள்ளப் போகிறாள் என்று தெருவில் பேச்சு கிளம்பியது. யார் கிளப்பியது என்று தெரியாது. நானாகவும் இருக்கலாம். அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் நாற்காலியோடு தலையணையையும் எடுத்தார். நான் நேராகக் கீழே இறங்கி மாசிலாமணி முன்னால் போய் நின்றேன்.

"அண்ணே, அந்தப் பொம்பளைக்குச் சேர வேண்டியதக் குடுத்துத் தொலைங்க. என் காத்து எனக்கு வேணும்."

"குடுத்துறலாம் தங்கச்சி. எனக்கும் அவமானமாத்தான் இருக்கு. வட்டி, செலவெல்லாம் சேர்த்துத் தொண்ணூறுக்கு மேல வருது. அம்பது வரைக்கும் பொரட்டிருவேன். மிச்சம் ஒரு நாப்பது... நீ அட்வான்ஸக் கொஞ்சம் கூட்டிக் குடுத்தா, புது ஒப்பந்தம் எழுதிப்புடலாம்."

வாங்கிய கடனை அடைக்க என்னிடமே வாங்குகிறார் என்று எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்தது. ஆனால் கண்ணை மூடினால் அவள் ஜன்னலில் ஆடும் நாடாதான் தெரிந்தது. மறுநாள் என் இரண்டு வளையலையும் அடகு வைத்தேன். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. பணத்தை, வீட்டில் மிஞ்சிக் கிடந்த எங்கள் கல்யாண மஞ்சப்பை ஒன்றில் வைத்துக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாசிலாமணியின் சம்சாரம் வாங்கி எண்ணினாள். அவர் புது ஒப்பந்தத்தை நீட்டினார். நான் முன்பு போலவே சுழித்துப் போட்டேன். ஒருமுறை பட்டவளுக்கு இரண்டாம்முறையாவது படிக்கத் தோன்றியிருக்க வேண்டும். அந்த அவசரத்தில் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை அமீனா வந்தார். பின்சந்தில், பிலோமினாவின் வாசலில், மாசிலாமணி ஒரு காசுகூடக் குறையாமல் கொடுத்தார். அவள் எண்ணினாள். என் கண் முழுக்க ஜன்னல் நாடா மேலேயே இருந்தது. அமீனா வழக்கம்போல எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு நாடாவைப் பிடித்து நடந்தார், காற்று பின்னால் வந்தது, தெரு அதன் பின்னால் வந்தது, நான் எல்லாருக்கும் முன்னால் மாப்பிள்ளை வீட்டுக்காரி மாதிரி நடந்து வந்து மாடிக் கதவைத் திறந்துவைத்தேன். திரைச்சீலையை அன்று காலையில்தான் துவைத்து மாட்டியிருந்தேன்.

ஜன்னலுக்கு வந்ததும் அமீனா மாசிலாமணியிடம் ஒரு தாளை நீட்டினார். "உங்க பொருள் உங்ககிட்ட வந்து சேந்துருச்சுன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க."

மாசிலாமணி இரண்டடி பின்னால் போனார். "என் பொருளா? எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல சார்." சட்டைப்பையிலிருந்து புது ஒப்பந்தத்தை எடுத்துக் கொடுத்தார். அமீனா உரக்கப் படித்தார்: "மேற்படி ஜன்னல் வழியாக வரும் காற்றில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ எவ்விதப் பாத்தியமும் கிடையாது, இனி எக்காலத்திலும் கோரமாட்டேன்." கீழே அவர் கையெழுத்து, பக்கத்தில் என் கையெழுத்து. நான் கூட்டிக் கொடுத்த நாற்பதாயிரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

"அப்ப நான் இத யார்கிட்ட ஒப்படைக்கிறது?"

"எங்கிட்ட குடுங்க சார்!" என்றேன்.

"உங்களுக்குப் பாத்தியம்னு இதுல எழுதலையேம்மா."

அமீனா பேனா மூடியைத் திறந்தார். பிறகு எழுதினார்: "உரிமையாளர் எவருமில்லை. அவிழ்த்துவிடப்பட்டது." நாடாவை விட்டார். காற்று என் கூடத்தில் ஒரு நிமிஷம் நின்றது, துவைத்த திரைச்சீலையை ஒருதரம் தூக்கிப் பார்த்தது, பிறகு படியிறங்கித் தெருவுக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து சுண்ணாம்புக்காரத் தெருவில் எல்லா வீட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சம் காற்று உண்டு. எவ்வளவு திறந்துவைத்தாலும் யாருக்கும் அதிகம் வராது, என் வடக்கு ஜன்னல் உட்பட. தெருவே சந்தோஷப்பட்டது. என் வளையலில் வந்த காற்றில் எதிர் வீட்டுக்காரி முடி உலர்த்துவதை நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தி மேல் இருந்த பொறாமை அறுபது வீட்டு மேலும் பரவிக்கொண்டது.

பத்து நாள் கழித்துத் தெருமுனையில் பிலோமினாவின் மாவுக்கடை திறந்தது. போகக் கூடாது என்றுதான் இருந்தேன். வீட்டில் உளுந்து தீர்ந்துவிட்டது.

அவள் என்னைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். பின்னால் அண்டாக்களில் மாவு விளிம்பைத் தாண்டிப் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

"பாத்தீங்களாக்கா? இப்பத்தான் பொங்குது. அந்தக் காத்து இருந்த வரைக்கும் ஒரு நாள் பொங்கல. குளுந்து போயி அப்படியே கெடக்கும். மேல ஏடு கட்டிரும். கதவச் சாத்துனாலும் கேக்காது, அதான் ஜப்திச் சாமானாச்சே, தொரத்தவும் முடியாது. பாதி வாடிக்கை போச்சு. இதுல டீ வேற போடணும். எப்படா தொலையும்னு தினம் மாதாவுக்கு மெழுகுவத்தி கொளுத்துனேன், அதக்கூட அணைச்சுரும்."

எதற்காக நான் வெந்தேனோ, அதிலேயே அவளும் வெந்திருக்கிறாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"நான் உன் மேல வயிறெரிஞ்சேன் பிலோமினா. கொஞ்ச நஞ்சமில்ல."

"தெரியும்க்கா. கொழாயடியில பேசுனது காதுக்கு வராமலா இருக்கும்? ஆனா கோர்ட்டு மூணு வருஷமா வாங்கித் தராதத உங்க எரிச்சல் ஒரு வாரத்துல வாங்கித் தந்துருச்சு."

"நான் குடுத்தேன்னு உனக்கு யாரு சொன்னா?"

அவள் கல்லாப்பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்தாள். எங்கள் மஞ்சப்பை. ஞானசேகரன் – வசந்தகோகிலம் மணவிழா என்று சிவப்பு எழுத்தில் அச்சடித்தது. "அந்தக் கஞ்ச மனுஷன் வேற பை வாங்க மனசில்லாம இதுலயே கட்டிக் கொண்டாந்து குடுத்துட்டாரு. அமீனா சார் விடுவாரா? பையில இருக்குற பேரோட எழுதிட்டாரு. கோர்ட்டு ரெக்கார்டுல இருக்கு. உங்ககிட்ட வேற ரசீது இருக்கா?"

"இல்ல."

"அப்ப இதத் தொவைச்சிராதீங்க."

கடை வாசலில் ஆட்கள் மாவுக்கு நின்றார்கள். நான் எழுந்திருக்கவில்லை. இவ்வளவு நாளில் யாரிடமும் நான் கேட்காத கேள்வியைக் கேட்டேன். "உன் வக்கீலு எங்க இருக்காரு?"

"கூட்டிட்டுப் போறேன். மூணு வருஷம் ஆகும். நடப்பீங்களா?"

"நடப்பேன். ஆனா ஜெயிச்சு என்ன பண்றது? அவரு பேருல ஒண்ணுமே இல்லையே. இருந்த காத்தையும் வேண்டாம்னு எழுதிட்டாரே."

பிலோமினா மாவுக் கரண்டியைப் பாத்திரத்தின் விளிம்பில் தட்டினாள். "மூணு வருஷம்க்கா! அதுக்குள்ள எதையாச்சும் தன்னுதுன்னு பெருமையா எழுதிக் கையெழுத்துப் போடாம அந்த மனுஷனால இருக்க முடியுமா?"

ஒரு பாக்கெட் மாவை இடது கையிலும் வெறும் மஞ்சப்பையை வலது கையிலும் பிடித்துக்கொண்டு நான் தெருவில் நடந்து வந்தேன். பாதி வழியில், எதிர் வீட்டுக்காரி வாசலுக்கு நேரே, தெருக்காற்று வந்து பைக்குள் நுழைந்து அதை உப்ப வைத்தது. நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தேன். யாருமில்லை. சட்டென்று பையின் வாயைத் திருகி இறுக்கி முடிச்சுப் போட்டேன். மறு உத்தரவு வரும்வரை என் பொறுப்பில் இருக்கட்டும்.